ரோசெல்லா மிஷோ காத்திருந்த கையெழுத்து

லவோய் கார்னர் என்ற ஊரின் பள்ளி அலுவலகத்தில் இருபத்தோரு வருடமாக உட்கார்ந்திருக்கும் ரோசெல்லா மிஷோவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். "தங்கமான பொம்பளை. அவ இல்லேன்னா எங்க பொண்ணு காலேஜ் வாசலையே மிதிச்சிருக்க மாட்டா." தங்கமானவள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஊர்ப் பிள்ளைகள் மேல் கொண்ட அன்பினால்தான் அத்தனையும் செய்தாள் என்று நினைத்தால் அது நினைப்பவர்களின் வெள்ளை மனசு. ரோசெல்லா செய்தது வன்மத்தில். அதுவும் ஒரே ஒரு மனிதன் மேல் வைத்த வன்மம். அந்த மனிதன் அவள் மேசையிலிருந்து பன்னிரண்டடி தள்ளி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மேசைமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு துப்பாக்கிப் பட்டியல் புத்தகம் புரட்டிக்கொண்டிருப்பான்.

பெயர் மெர்ல் ஹாஸ்கெட். பள்ளியின் மேற்படிப்பு ஆலோசகன். யார் எந்தக் கல்லூரிக்கு எழுதிப் போடலாம், யாருக்கு என்ன பரிந்துரை, எந்தத் தாள் எப்போது போகவேண்டும் என்று பார்ப்பது அவன் வேலை. எதிரில் நிற்கும்போது ரோசெல்லா அவனை "சார்" என்பாள். மனசுக்குள் அவன், இவன்தான். இங்கேயும் அவன் அவனாகவே இருக்கட்டும்.

செப்டம்பர் மூன்றாவது வாரம் வந்தால் பள்ளியைப் பூட்டி, மூன்று வாரத்துக்குப் பிள்ளைகளை உருளைக்கிழங்குக் காட்டுக்கு அனுப்பிவிடுகிற ஊர் இது. ஆசிரியர்களுக்கும் அப்போது விடுமுறை. பள்ளி திறந்ததும் அக்டோபர் பாதி போயிருக்கும். நவம்பர் ஒன்றாம் தேதி கல்லூரி விண்ணப்பங்களுக்கு முன்கெடு. முன்கெடுவில் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் எழுதிப் போடலாம். எடுத்துக்கொண்டால் அங்கேயேதான் சேருவேன் என்று மாணவர், பெற்றவர், பள்ளி ஆலோசகர் மூன்று பேரும் ஒரு ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடவேண்டும். அப்படி உறுதி கொடுத்து வருகிறவர்களுக்கு இடமும் சுலபம், உதவிப் பணமும் தாராளம். மற்றவர்கள் ஜனவரிக் கெடுவில் ஆயிரம் பேரோடு முட்டி மோதவேண்டும்.

ரோசெல்லாவுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது இதெல்லாம் காகிதத்தில் நடந்தது. வேதியியலில் அந்தப் பள்ளி அதுவரை பார்க்காத மதிப்பெண் அவளுக்கு. பள்ளி பூட்டுவதற்கு முந்தின நாளே கட்டுரை, பரிந்துரை, அப்பாவின் கையெழுத்து எல்லாவற்றையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு ஹாஸ்கெட்டின் கையில் கொடுத்தாள். அவன் வேலைக்கு வந்து அப்போது இரண்டாவது வருடம். "நீ போய் கிழங்கு பொறுக்கு, மீதியை நான் பாத்துக்கறேன்" என்றான். அவளும் நம்பிப் போய் மூன்று வாரம் கூடை கூடையாகப் பொறுக்கினாள். டிசம்பரில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. தாள்கள் நேரத்துக்கு வரவில்லை, ஜனவரிக் கூட்டத்தில் சேர்த்திருக்கிறோம் என்று. ஏப்ரலில் ஒரு மெல்லிய உறை வந்தது. உறை மெல்லியதாக இருந்தால் உள்ளே இருப்பது மறுப்புதான் என்று இந்த ஊர்த் தபால்காரருக்கே தெரியும்.

தபாலில் எங்கோ தாமதம், தன் தலையெழுத்து அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு அவள் உருளைக்கிழங்கு வறுவல் ஆலைக்கு வேலைக்குப் போனாள். பதினொரு வருடம் ஓடுகிற பட்டைக்கு முன்னால் நின்று கறுப்புப் புள்ளி விழுந்த துண்டுகளைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு பள்ளியில் அலுவலக உதவியாளர் வேலை காலியானது. சேர்ந்த மூன்றாம் நாள், பழைய கோப்புகளை அடுக்கச் சொன்னார்கள். ம வரிசையில் அவள் பெயரிலேயே ஒரு கோப்பு இருந்தது. யார்தான் திறக்காமல் இருப்பார்கள்.

உள்ளே கல்லூரி கேட்டிருந்த கேள்வி இருந்தது. தாமதம் யாருடையது, பள்ளியின் பிழை என்றால் இரண்டு வரி எழுதுங்கள், விண்ணப்பத்தை முன்கெடுவிலேயே வைத்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். அதற்கு ஹாஸ்கெட் எழுதிய பதிலின் கார்பன் நகலும் இருந்தது. 'மாணவி தாள்களைத் தாமதமாகக் கொடுத்தார்.' கீழே கையெழுத்து. அவ்வளவுதான். அந்தப் பழுப்பு உறை அவன் இழுப்பறையில் மூஸ் மான் வேட்டை அனுமதிச் சீட்டுக்கு அடியில் கிடந்து நாறியிருக்க வேண்டும். கேட்டபோது பழியைத் தூக்கி ஒரு பதினேழு வயசுப் பெண்ணின் தலையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

ரோசெல்லா அன்று அழவில்லை. வேறொருத்தியாக இருந்தால் அந்த நகலை எடுத்துப்போய் அவன் முகத்தில் விசிறியிருப்பாள். இவள் அதை நகல் எடுத்துக்கொண்டு, அசலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டாள். ஒரு நாள் சத்தம் போட்டால் ஒரு நாளோடு போய்விடும் என்று தோன்றியது. அவனை ஒவ்வொரு நாளும் வதைக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

வதைத்தாள். கிழங்கு விடுமுறைக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையின் விண்ணப்பமும் முழுசாக முடிந்திருக்க வேண்டும் என்பது அவள் சட்டம். ஜூன் மாதமே பிள்ளைகளைப் பிடித்துவிடுவாள். கட்டுரை எழுதாதவனை வகுப்புக்குள்ளேயே போய்க் காதைத் திருகாத குறையாக இழுத்து வருவாள். பரிந்துரை தரவேண்டிய ஆசிரியர்கள் அவளைக் கண்டால் வேறு நடைவழியில் திரும்பினார்கள். எல்லாம் சேர்ந்ததும் ஹாஸ்கெட்டின் அறைக்குள் போய், அவன் மேசைக்கு முன்னால் நின்றுகொள்வாள். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டாள்.

"என்னம்மா ரோசெல்லா, கெடுவுக்கு இன்னும் ஒன்றரை மாசம் கிடக்கு."

"கிடக்கட்டும் சார். பேனா இந்தாங்க."

"என்னைச் சாப்பிட விடமாட்டியா?"

"போட்டுட்டுச் சாப்பிடுங்க. சூப்பு ஆறாது."

அவன் கையெழுத்துப் போடுவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. ஒவ்வொரு கையெழுத்தும் தன்னுடைய பழுப்பு உறைக்கு அவன் கட்டும் அபராதம் என்று நினைத்துக்கொள்வாள். ஒரு வருடத்துக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். கிடங்குக் கூலியின் மகள், பனிவண்டி ஓட்டுகிறவன் மகன் எல்லாரும் போனார்கள். ஏற்புக் கடிதம் வந்த அன்று அதைக் கொண்டுபோய் அவனிடம் காட்டிவிட்டு ஒரு நிமிஷம் நிற்பாள். அவன் "நல்லது, நல்லது" என்பான். உனக்கு எங்கே உறைக்கப் போகிறது என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு வெளியே வருவாள்.

உறைக்கவில்லை என்பதுதான் கொடுமை. அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. அந்தப் பகுதிப் பத்திரிகை, உருளைக்கிழங்குக் காட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் ஆலோசகர் என்று ஹாஸ்கெட்டின் படத்தைப் போட்டுப் பாதிப் பக்கம் எழுதியது. மாவட்டத்தில் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் அவன், "எங்க அலுவலகத்துல ரோசெல்லான்னு ஒரு அம்மா இருக்காங்க, நல்லா நச்சரிப்பாங்க" என்றான். கூட்டம் சிரித்தது. ரோசெல்லா மடியில் கையை வைத்துக்கொண்டு தானும் சிரித்தாள். அன்று வீட்டுக்கு வந்து முட்டைக்கோஸ் நறுக்கியவள் ஒரு வாரத்துக்கு வேண்டியதை நறுக்கித் தள்ளினாள். அவள் விட்ட அம்பெல்லாம் அவனுக்கு மாலையாகப் போய் விழுந்திருந்தது.

இந்த வருடம் அவன் ஓய்வு பெறுகிறான். அடுத்த ஜூனில் விழா. புதிதாகக் கட்டிய படிப்பறைக்கு அவன் பெயரையே வைக்கப் பள்ளிக் குழு தீர்மானம் போட்டுவிட்டது. பெயர்ப் பலகையின் மாதிரி ரோசெல்லாவின் மேசைக்குத்தான் வந்தது, எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி. பிழை எதுவும் இல்லை. இனி இவனைப் பிடிக்க இந்த ஓர் இலையுதிர் காலம்தான் பாக்கி என்று அவள் உணர்ந்தது அப்போதுதான்.

அதே வருடம்தான் அவள் தம்பி நார்மண்டின் மகள் ஆட்ரா கடைசி வகுப்புக்கு வந்திருந்தாள். நெட்டையான, வாய்த்துடுக்கான பெண். பாலம் கட்டப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. சாதாரண ஆசை இல்லை, சோற்றுக்கு உட்கார்ந்தால் முள்கரண்டியையும் கத்தியையும் வைத்துத் தூண் நிறுத்துகிற ஆசை. அத்தையின் சட்டப்படி அவளுடைய விண்ணப்பமும் ஜனவரிக் கெடுவுக்கென்று கிழங்குக்கு முன்னாலேயே தயாராகிவிட்டது. கட்டுரையை மட்டும் ரோசெல்லா ஆறு தடவை திருப்பி எழுதவைத்தாள்.

"அத்தை, இதுக்கு மேல திருத்தினா இது என் கட்டுரையா இருக்காது, உங்க கட்டுரை ஆயிடும்."

"என் கட்டுரையா இருந்தா முதல் வரியிலேயே ஆளைக் கவுத்திருப்பேன். எழுதுடி."

அறுவடை இயந்திரத்தின் மேல் நின்று கல்லும் கொடியும் பொறுக்கிக்கொண்டிருந்த மூன்று வாரத்தில் ஆட்ரா ஒரு முடிவுக்கு வந்தாள். ஜனவரி வரை காத்திருக்க மாட்டாள். கடற்கரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் முன்கெடுவுக்கு வருகிற இந்த வடகோடிப் பகுதிப் பிள்ளைகளில் ஒருவருக்கு நான்கு வருடத்துக்கும் முழுச் செலவைக் கொடுக்கிறார்கள். முன்கெடுவில் வந்தால் மட்டும்தான். நார்மண்டுக்குப் போன வருடம் முதுகு போய்விட்டது. அந்த இடம் கிடைத்தால் அவள் படிப்பாள், இல்லையென்றால் ஆலைதான். கணினியில் கல்லூரியின் பெயரை மாற்றி, தன் கையெழுத்தைப் போட்டு, அப்பாவின் கையெழுத்தையும் வாங்கினாள். ரோசெல்லா மதிப்பெண் சான்றை அனுப்பினாள். பாக்கி இருந்தது ஆலோசகரின் கையெழுத்து ஒன்றுதான்.

பள்ளி திறந்த அன்று ரோசெல்லா அவனிடம் சொன்னாள். "ஆட்ராவோடது முன்கெடுவுக்கு மாறிடுச்சு சார். உங்க பக்கம் ஒரு ஒப்பந்தம் நிக்குது."

"இன்னைக்கே போட்டுடறேன்" என்றான். போடவில்லை. வழக்கமாக மறுநாளே போய் மேசைக்கு முன்னால் நிற்பவள், இந்த முறை அறுவடைக்கு முந்தின மாத வருகைப் பதிவேட்டில் மூழ்கிப்போனாள். அதில் சூது எதுவும் இல்லை. சூது அதற்குப் பிறகு வந்தது.

அக்டோபர் இருபத்தேழு, புதன்கிழமை. மதியம் அவள் திரையைத் திறந்து பார்த்தபோது ஆட்ராவின் பெயருக்கு எதிரே ஆலோசகர் கையெழுத்து என்ற இடம் சிவப்பாக இருந்தது. சட்டென்று எழுந்தாள். பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஹாஸ்கெட் வேட்டைப் பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை மான் வேட்டை திறக்கிறது. அந்த ஒரு நாளைக்கு இந்த ஊரில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், சவ அடக்கத்தைக்கூடத் தள்ளிப் போடுவார்கள். திங்கட்கிழமைக்கு அவன் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தான். அந்தத் திங்கட்கிழமைதான் நவம்பர் ஒன்று.

ரோசெல்லா மெல்ல உட்கார்ந்தாள்.

இவன் இப்போது மறந்துவிட்டுப் போனால் செவ்வாய்க்கிழமை கல்லூரி கேட்கும். தாமதம் யாருடையது என்று. அப்போது அந்த இரண்டு வரியை இவன் எழுதியாக வேண்டும், பிழை என்னுடையது, மாணவியுடையது அல்ல என்று. தன்னிடமிருந்து திருடிய அந்த இரண்டு வரியை அவன் கையாலேயே எழுதவைத்து, பழைய கார்பன் நகலையும் சேர்த்துப் பள்ளிக் குழுவின் முன்னால் வைத்தால் படிப்பறைக்கு எவன் பெயரை வைக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். பள்ளியின் பிழைக்குக் கல்லூரிகள் பிள்ளைகளைத் தண்டிப்பதில்லை. இருபத்தோரு வருடத்தில் அவளே எத்தனை தடவை தொலைபேசியில் பேசிச் சரிக்கட்டியிருக்கிறாள். இரண்டு மூன்று நாள் பொறுத்துக்கொள்வார்கள். ஆட்ராவுக்கு ஒன்றும் ஆகாது. இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல உடம்பெல்லாம் சூடேறியது, நன்றாகவும் இருந்தது.

ஹாஸ்கெட் பூட்ஸும் கையுமாக வெளியே வந்தான்.

"வெள்ளிக்கிழமை மதியமே கிளம்பிடுவேன் ரோசெல்லா. காட்டுக் குடிசையில சிக்னல் கிடையாது, மான் வந்து சொன்னாத்தான் உண்டு. என் பக்கம் ஏதாச்சும் நிக்குதா? நீ சொல்லாட்டி என் மூக்கு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது."

திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது. சிவப்பு இடம் அவள் கண்ணுக்கு நேரே இருந்தது.

"ஒண்ணுமில்ல சார். நல்லபடியா போயிட்டு வாங்க."

அந்த வாரக் கடைசியை ரோசெல்லா அனுபவித்தாள் என்றே சொல்லவேண்டும். சனிக்கிழமை காலையில் ஊரைச் சுற்றி வெடிச்சத்தம் கேட்கக் கேட்க, பன்றி இறைச்சிப் பணியாரம் சுட்டு மூன்று தின்றாள். பழைய நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டாள். குழுவின் முன்னால் என்ன பேசுவது என்று அடுப்படியிலேயே நின்று ஒத்திகை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்ரா கோதுமை அடை சுட்டுத்தரச் சொல்லி வந்தாள். அடையைச் சுருட்டி வெண்ணெயில் தோய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அத்தை, நாளைக்குக் கெடு. எல்லாம் போயிடுச்சுல்ல?"

"உன் பக்கத்துலேர்ந்து எல்லாம் போயிடுச்சு."

"அப்படின்னா நான் தூங்கலாம்."

"தூங்குடி. உன்னை யார் வேண்டாம்னா?"

பொய் இல்லை. பொய் சொல்லாமலே ஏமாற்றுவது எப்படி என்பதை அவள் ஹாஸ்கெட்டிடம் கற்கவில்லை, அது அவளுக்கே வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஹாஸ்கெட் கன்னம் சிவந்து, வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தான். எட்டுக் கிளைக் கொம்பு மான். படத்தைக் காட்ட போனை நீட்டினான். ரோசெல்லா படத்தைப் பார்க்காமல், "ஆட்ராவோட ஒப்பந்தத்துல நீங்க கையெழுத்துப் போடல சார். கெடு நேத்தே முடிஞ்சிருச்சு" என்றாள். நன்றாக நிதானமாகச் சொன்னாள். அந்த வாக்கியத்தைப் புதன்கிழமையிலிருந்தே வாயில் வைத்திருந்தாள்.

அவன் போனைக் கீழே வைத்தான். முகத்தில் இருந்த சிவப்பு இறங்கியது. "அடக் கடவுளே. நம்ம ஆட்ராவா? பாலம் கட்டற பிள்ளையா?" என்றான். அந்த முகத்தை அவள் கண் நிறையப் பார்த்தாள். பிறகு தயாராக வைத்திருந்த வெள்ளைத் தாளை அவன் முன்னால் வைத்தாள். "பிழை யாருடையதுன்னு எழுதணும் சார். நீங்கதான் எழுதணும்."

அவன் நழுவுவான், கணினியின் மேல் பழியைப் போடுவான், தபால் என்பான், என்னென்னவோ சொல்வான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டான். இரண்டு வரி இல்லை, அரைப் பக்கம். 'இது முழுக்க என் பிழை. மாணவி எல்லாவற்றையும் மூன்று வாரத்துக்கு முன்பே முடித்துவிட்டார். நான் மறந்துவிட்டு மான் வேட்டைக்குப் போய்விட்டேன். முப்பத்துநான்கு வருட வேலையில் இவரைப் போல் ஒரு மாணவியை நான் பார்த்ததில்லை. தண்டிப்பதானால் என்னைத் தண்டியுங்கள்.' கீழே கையெழுத்து. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. கையோடு ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டு இரண்டையும் அனுப்பிவிட்டு, தானே கல்லூரிக்குத் தொலைபேசியும் போட்டான்.

ரோசெல்லாவுக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு சுலபமான காரியத்தையா எனக்கு நீ செய்யவில்லை? மூன்று நிமிஷம். ஒரு வாழ்க்கைக்கு மூன்று நிமிஷம் செலவு பண்ண உனக்கு வலித்ததா? பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து, அவன் தொலைபேசியைக் காதில் வைத்துக் காத்திருக்கும்போதே அவன் முன்னால் போட்டாள்.

அவன் படித்தான். தேதியைப் பார்த்தான், பெயரைப் பார்த்தான். தொலைபேசியில் யாரோ "ஹலோ, ஹலோ" என்றார்கள். அவன் பேச முயன்று, இருமி, ஒருவழியாக ஆட்ராவின் பெயரைச் சொன்னான். மறுமுனையில் இருந்தவர் இயக்குநரைக் கேட்டுவிட்டு மின்னஞ்சல் அனுப்புகிறேன் என்றார். அவன் தொலைபேசியை வைத்தான்.

"இது எத்தனை வருஷமா உங்கிட்ட இருக்கு?"

"இருபத்தொண்ணு."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை கேட்கலையே."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவன் யோசித்தான். "பயந்துட்டேன்னு சொல்லியிருப்பேன். வேலை போயிடும்னு. வேற என்ன சொல்ல? அதுதான் நடந்துச்சு." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான். "அதுக்கப்புறம் உன்னைப் பத்தி நான் நினைக்கவே இல்ல ரோசெல்லா. அதுவும் உண்மை."

"ரெண்டையும் குழுவுக்குக் கொண்டுபோறேன் சார். அன்னைக்கு எழுதினது, இன்னைக்கு எழுதினது, ரெண்டையும்."

"கொண்டு போ. அந்த ரூமுக்கு வேற பேரு வைக்கட்டும்."

ஜெயித்துவிட்டாள். இருபத்தோரு வருடமாக ஆசைப்பட்டது இந்த முகம், இந்தக் குனிந்த கழுத்து. அவன் கெஞ்சியிருந்தால் இன்னும் ருசித்திருக்கும். ஆனாலும் போதும் என்றுதான் இருந்தது. தன் மேசைக்குத் திரும்பி, காலையிலிருந்து குடிக்காத காப்பியைச் சூடாக்கிக் குடித்தாள். மதியம் வரை நீடித்த அப்படி ஒரு நிம்மதியை அவள் அதற்கு முன் அனுபவித்ததே இல்லை.

ஒன்றரை மணிக்கு மின்னஞ்சல் வந்தது. ஹாஸ்கெட்டுக்கு ஒன்று, ஆட்ராவுக்கு ஒன்று. ஆலோசகரின் நேர்மையைப் பாராட்டுகிறோம். பிழை மாணவியுடையதல்ல என்பதைக் கோப்பில் குறித்துக்கொண்டோம். ஆனால் ஒப்பந்தம் கெடுவுக்குள் வராத விண்ணப்பத்தை முன்கெடுவில் சேர்க்க எங்கள் விதி இடம் கொடுக்கவில்லை. இந்த விண்ணப்பத்தை ஜனவரிக் கூட்டத்துக்கு மாற்றியிருக்கிறோம். முழுச் செலவு உதவி முன்கெடு மாணவர்களுக்கு மட்டுமே என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்.

ஹாஸ்கெட் அதை அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். ரோசெல்லா இரண்டு தரம் படித்தாள். ஜனவரிக் கூட்டம் என்ற சொல்லை அவள் இதற்கு முன் ஒரே ஒரு கடிதத்தில்தான் தன் குடும்பத்தின் பெயரோடு சேர்த்துப் படித்திருக்கிறாள். "இல்ல, பேசலாம். நான் பேசறேன். எப்பவும் ஒத்துக்குவாங்க" என்றாள்.

"பேசிட்டேன். இயக்குநர்கிட்டயே பேசிட்டேன். முடியாதுன்னுட்டார்" என்றான் ஹாஸ்கெட்.

அப்போது ஆட்ரா உள்ளே வந்தாள். போன் கையில் இருந்தது. அழுதிருந்தாள், ஆனால் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். மேசையின் மேல் கிடந்த இரண்டு தாள்களையும் யாரும் மறைக்கவில்லை.

"என் தப்பும்மா" என்றான் ஹாஸ்கெட். எழுந்து நின்றே சொன்னான். "முழுக்க என் தப்பு. உன்கிட்ட மன்னிப்புக் கேட்கறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

"படிச்சேன் சார். உங்க லெட்டரையும் சேர்த்து அனுப்பியிருக்காங்க." அவள் அவனைப் பார்த்து, பிறகு அத்தையைப் பார்த்தாள். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல சார். அத்தை உங்களை விடமாட்டாங்களே. ஒவ்வொரு பிள்ளைக்கும் உங்க முன்னாடி வந்து நிப்பாங்களே. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

ஹாஸ்கெட் ரோசெல்லாவின் முகத்தைப் பார்த்தான். பிளாஸ்டிக் உறையைப் பார்த்தான். புதன்கிழமை மெழுகு தேய்த்த கையோடு தான் கேட்ட கேள்வி அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவன் முட்டாள் இல்லை. எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவன் தோள் இறங்கியதிலேயே தெரிந்தது. ரோசெல்லா காத்திருந்தாள். சொல்லட்டும், என்னைக் காட்டிக்கொடுக்கட்டும், இவன் யார் என்று இந்தப் பெண்ணும் பார்க்கட்டும்.

"அது அவங்க வேலை இல்லம்மா. என் வேலை" என்றான் ஹாஸ்கெட். "அவங்க முதல் நாளே சொன்னாங்க. நான்தான் மறந்தேன்."

இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஊர் சிரித்ததைத் தாங்கினாள், கேடயத்தைத் தாங்கினாள். இவன் பெருந்தன்மையாகத் தன்னை மூடி மறைப்பதும், அந்த நிழலில் தான் ஒதுங்கி நிற்பதும் அவளுக்கு ஆகாது. இவனிடம் பிச்சை வாங்குவதைவிடச் செத்துப் போகலாம்.

"எனக்குப் புதன்கிழமையே தெரியும் ஆட்ரா" என்றாள். "சிவப்பா நின்னுச்சு. இவர் வந்து கேட்டார், ஏதாவது நிக்குதான்னு. ஒண்ணுமில்லைன்னு நான்தான் சொன்னேன். இதோ, இதைப் பாரு, இந்த ஆள் எனக்கு என்ன செஞ்சான்னு படி. படிச்சா உனக்கே புரியும்."

ஆட்ரா அந்தப் பழைய நகலை எடுத்துப் படித்தாள். நிதானமாக, தேதி முதல் கையெழுத்து வரை படித்தாள். படித்துவிட்டு அதே இடத்தில் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை நான் உங்க வீட்டுல உட்கார்ந்து அடை தின்னப்போகூட உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தூங்குன்னு சொன்னீங்க."

ரோசெல்லா வாயைத் திறந்தாள். கல்லூரி ஒத்துக்கொள்ளும் என்று நம்பினேன், உனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன், இவனுக்காகத்தான் செய்தேன், உனக்கு எதிராக இல்லை. சொல்ல நிறைய இருந்தது. அதில் எதையாவது சொன்னால், அதற்கும் கார்பன் தாளில் ஹாஸ்கெட் எழுதிய அந்த ஒற்றை வரிக்கும் அதிக தூரம் இருக்காது என்று அவளுக்கே தெரிந்தது.

"இவரு மறந்துட்டாரு அத்தை" என்றாள் ஆட்ரா. "நீங்க மறக்கல."

பிறகு ஹாஸ்கெட்டுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்து, பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "ஜனவரிக்கு வேற காலேஜும் சேர்த்து எழுதணும் சார். உதவிப் பணம் தர்ற இடமாப் பார்த்து. நீங்க எனக்குச் செஞ்சு தருவீங்களா?"

"செய்யறேன்" என்றான் அவன். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தான். பேனாவைத் தேடினான். அது ரோசெல்லாவின் கையில் இருந்தது. அவள் அதை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. உள்ளே ஆட்ரா முதல் கல்லூரியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.